பழைய கம்ப்யூட்டருக்குக் குறைந்த விலையில் எந்த எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கிற பெட்டி) வாங்கலாம்?

டிடிபி_அக்கா

வணக்கம். வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பதினாறாம் நாள் கார்டு என்று டிடிபி வேலை பார்க்கிறேன். 2013-ல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். ஐ5 3470 பிராசசர், எச்61 போர்டு, 8 ஜிபி ராம், அப்போதே போட்ட 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், இரண்டு வருடத்துக்கு முன் சேர்த்த 240 ஜிபி எஸ்எஸ்டி. கிராபிக்ஸ் கார்டு கிடையாது.

நாலைந்து மாதமாக ஒரு தொல்லை. கரண்ட் போனதும் யுபிஎஸ் டிக் என்று மாறுகிறது, மானிட்டர் எரிகிறது, மோடம் ஓடுகிறது, கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்துப் புது பேட்டரி போட்டேன், அப்படியும் அதே கதைதான். போன வாரத்திலிருந்து லேசர் பிரிண்டரில் பிரிண்ட் கொடுத்தாலும் சில சமயம் ரீஸ்டார்ட் ஆகிறது. ஒரு பத்திரிகை வேலையை மூன்று தடவை முதலிலிருந்து அடித்தேன், மாப்பிள்ளை வீட்டுப் பெயர் வரிசை எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

உள்ளூர் கடையில் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது, 900 ரூபாய்க்கு 600 வாட் இருக்கிறது, போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். பக்கத்து ஊர்க் கடையில் அதெல்லாம் குப்பை, 4,500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். எதை நம்புவது? அதோடு என் பையன் யாரிடமோ செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்டு பேசி வைத்திருக்கிறான், அதையும் தாங்க வேண்டும்.

தயவுசெய்து "புது கம்ப்யூட்டர் வாங்குங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். பேஜ்மேக்கரும் பழைய தமிழ் எழுத்துருக்களும் பத்து வருட ஃபைல்களும் இதில்தான் ஒழுங்காக ஓடுகின்றன.

கோவை_கேமர்

அக்கா, எதற்கு யோசனை, 650 வாட் கோல்டு (கரண்டை அதிகம் வீணாக்காத ரகம்) ஒன்றை வாங்கிப் போட்டுவிடுங்கள். நாளைக்கு வேறு கம்ப்யூட்டர் வாங்கினாலும் அதிலேயே மாட்டிக்கொள்ளலாம். 900 ரூபாய் டப்பா மட்டும் வேண்டாம், அது போகும்போது போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

பழுதுபார்ப்பவன்

தம்பி, கல்யாணக் கார்டு அடிக்கிற மெஷினுக்கு 650 கோல்டா? மாட்டு வண்டிக்கு ரேடியல் டயர் மாதிரி இருக்கிறது.

அக்கா, வாங்குவதற்கு முன்னால் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, இப்போது இருக்கிற எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் +12V, +5V, +3.3V என்று போட்டு அதன் கீழே ஆம்பியர் எழுதியிருக்கும், அதை அப்படியே இங்கே அடியுங்கள். இரண்டு, லேசர் பிரிண்டரை எதில் சொருகியிருக்கிறீர்கள்? யுபிஎஸ்ஸிலா?

டிடிபி_அக்கா

பிரிண்டரும் யுபிஎஸ்ஸில்தான். 600 விஏ யுபிஎஸ். அப்படிச் சொருகக்கூடாதா?

ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் 450W என்று இருக்கிறது. கேபினெட்டோடு சேர்ந்தே வந்தது. கீழே +3.3V 22A, +5V 25A, +12V 14A, -12V 0.5A, +5VSB 2A.

பழுதுபார்ப்பவன்

முதலில் பிரிண்டரை யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றி நேராகச் சுவரில் இருக்கிற பிளக்கில் சொருகுங்கள். இன்றைக்கே. லேசர் பிரிண்டருக்குள் தாளைச் சூடாக்க ஒரு ஹீட்டர் இருக்கிறது. அது எரிகிற சில நொடிக்கு ஐந்நூறு வாட்டுக்கு மேல் இழுக்கும். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். ஹீட்டர் எரிகிறபோது வோல்ட்டேஜ் சட்டென்று இறங்குகிறது, யுபிஎஸ் பேட்டரிக்குத் தாவுகிறது, அந்தத் தாவலில் உங்கள் கம்ப்யூட்டர் விழுகிறது. ஆகக் கரண்ட் போகும்போது வருவதும் பிரிண்ட் கொடுக்கும்போது வருவதும் ஒரே நோய்தான்.

வீட்டில் வைக்கிற சாதாரண ரக யுபிஎஸ் மாறுகிற நேரத்தில் ஒரு சின்ன இடைவெளி விடும், நான்கிலிருந்து பத்து மில்லிசெகண்ட். அந்த நேரத்தில் எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கிற பெரிய கண்டென்சரில் தேங்கியிருக்கிற சார்ஜில்தான் கம்ப்யூட்டர் ஓடுகிறது. நல்ல எஸ்எம்பிஎஸ் முழு லோடிலேயே 16, 17 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்கும், உங்களைப் போலக் குறைந்த லோடில் இன்னும் கூட. பத்து வருடத்துக்கு மேல் சூட்டில் வெந்த கண்டென்சரில் அந்தக் கையிருப்பு இருக்காது. புது பேட்டரி போட்டும் சரியாகாததற்குக் காரணம் இதுதான். நீங்கள் பேட்டரிக்குச் செலவழிப்பதற்கு முன்னால் கேட்டிருக்கலாம், சரி விடுங்கள்.

அந்த ஸ்டிக்கருக்கு வருகிறேன், இது என் பிடித்தமான விஷயம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 12-ஐ 14-ஆல் பெருக்கினால் 168. 5-ஐ 25-ஆல் பெருக்கினால் 125. 3.3-ஐ 22-ஆல் பெருக்கினால் 72 சொச்சம். மிச்ச சில்லறையையும் சேர்த்துக் கூட்டினாலும் 382-ஐத் தாண்டவில்லை. அப்புறம் 450 எங்கிருந்து வந்தது? ஸ்டிக்கர் அடித்தவருக்கு மட்டும் தெரியும். இந்த 382-ஐயும் எல்லா லைனிலும் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது என்பது வேறு விஷயம்.

பிராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டும் சாப்பிடுவது 12 வோல்ட் லைனில்தான். 5-லும் 3.3-லும் வாரி வழங்கிவிட்டு 12-ல் கஞ்சத்தனம் பண்ணுகிற எஸ்எம்பிஎஸ் என்றால், இருபது வருடத்துக்கு முந்தைய டிசைனுக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உருப்படியான 450 வாட்டில் 12 வோல்ட் மட்டுமே 400 வாட்டை ஒட்டி இருக்கும், அதாவது 33 ஆம்பியருக்குக் குறையாது. கடையில் நிற்கும்போது பெட்டியின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், திருப்பி அந்த ஒரு கட்டத்தைப் பாருங்கள். 900 ரூபாய் "600 வாட்"டிலும் அதைப் படித்துப் பாருங்கள், சிரிப்பு வரும்.

உங்கள் மெஷின் கணக்கு: ஐ5 3470-க்கு 77 வாட், 750 டிஐ-க்கு 60 வாட். போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து நாற்பது என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 180-ஐத் தொட்டால் அதிகம். பேஜ்மேக்கர் மட்டும் ஓடும்போது ஐம்பது கூட இருக்காது. நேர்மையான 450 போதும், 350 கிடைத்தாலும் போதும், ஆனால் அந்த அளவில் நல்ல பிராண்ட் நம் ஊர்க் கடைகளில் அரிது.

கோவை_கேமர்

அண்ணே, கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோல்டு போட்டால் கரண்ட் பில் குறையுமே?

பழுதுபார்ப்பவன்

அதையும் போட்டுப் பார்த்துவிடலாம். ஐம்பது வாட் லோடு, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். டப்பா எஸ்எம்பிஎஸ் இழுக்கிற கரண்டில் 65 சதவீதம்தான் உள்ளே கொடுக்கிறது என்றால் சுவரிலிருந்து 77 வாட் இழுக்கும். 80 சதவீதம் தருகிற எஸ்எம்பிஎஸ் 62 அல்லது 63. மாதத்துக்கு மூன்றரை யூனிட் மிச்சம். இதுவே டப்பாவுக்கும், கோல்டுக்குக் கீழ் ரகமான பிரோன்ஸுக்கும் (Bronze) நடுவில் உள்ள வித்தியாசம். பிரோன்ஸிலிருந்து கோல்டுக்குப் போனால் இன்னும் ஒரு யூனிட், ஒன்றரை யூனிட் வரலாம். அந்தக் காசில் மாதம் ஒரு டீ குடிக்கலாம். எவ்வளவு கரண்ட் வீணாகிறது என்று சோதித்துத் தருகிற 80 பிளஸ் முத்திரையை (கோல்டு, பிரோன்ஸ் எல்லாம் அதன் ரகங்கள்) நான் பார்ப்பது பில்லுக்காக இல்லை. அந்தச் சோதனைக்கு முழு லோடு ஏற்றித்தான் அளக்கிறார்கள், ஸ்டிக்கரில் எழுதிய வாட்டை அது ஒரு தடவையாவது கொடுத்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. முத்திரையையும் போலியாக ஒட்டுகிறவர்கள் உண்டு, சந்தேகம் வந்தால் 80 பிளஸ் தளத்தில் மாடல் பெயரைத் தேடிப் பாருங்கள்.

பெயர் கேட்டால், கோர்சேர் சிவி450, கூலர் மாஸ்டர் எம்டபிள்யூஇ 450 பிரோன்ஸ், டீப்கூல் பிகே450டி. மூன்றில் எது மலிவாகக் கிடைக்கிறதோ அது. நான் கடைசியாக விசாரித்தபோது 2,500 முதல் 3,500 வரை சொன்னார்கள். மூன்று வருடத்துக்குக் குறையாத வாரண்டி, பில்லில் சீரியல் நம்பர், இரண்டும் இல்லாமல் வாங்காதீர்கள்.

ஆப்டிபிளெக்ஸ்_அடிமை

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இதைப் படித்துவிட்டு வேறு யாராவது ஆபீஸில் கழித்துக்கட்டிய பிராண்டட் மெஷினுக்கு வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அக்காவுடையது அசெம்பிள் செய்தது, அதில் 24 பின் கனெக்டர்தான், எந்த ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸும் பொருந்தும். டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 மாதிரி மெஷினில் போர்டுக்கு 8 பின் கனெக்டர். அதே காலத்து எச்பி, லெனோவோ ஆபீஸ் மெஷின்களில் அது 6 பின், 14 பின். சின்ன ரகக் கேபினெட் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் உருவமே வேறு, உள்ளே நுழையாது. நான் கனெக்டரைப் பார்க்காமல் வாங்கி வந்து, கையில் வைத்துக்கொண்டு முழித்தேன், அது முழுக்க என் தப்பு. பிறகு 24-லிருந்து 8-க்கு மாற்றும் அடாப்டர் கேபிள் ஆன்லைனில் வாங்கி ஓட்டுகிறேன்.

வோல்ட்டேஜ்_வாத்தியார்

பாலிடெக்னிக் லேபில் முப்பது வருடம் இருந்தவன், அதனால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிப் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஜெம் கிளிப்பால் இணைத்து, ஃபேன் சுற்றினால் "நல்லா இருக்கு" என்று கடையில் திருப்பித் தந்துவிடுவார்கள். ஃபேன் சுற்றுவது ஃபேன் சுற்றுகிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. கம்ப்யூட்டர் வேலை செய்துகொண்டிருக்கும்போது காலியாக இருக்கிற நாலு பின் (மோலெக்ஸ்) கனெக்டரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 11.4-க்கும் 12.6-க்கும் உள்ளே இருக்க வேண்டும். சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை. இது சரியாக இருந்தாலும் அக்காவுக்கு வரும் கோளாறு இதில் தெரியாது, ஏனென்றால் சில மில்லிசெகண்ட் சரிவை மீட்டர் பார்ப்பதற்குள் அது நடந்து முடிந்துவிடும்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே முந்நூறு வோல்ட் தேங்கி நிற்கலாம். நான் லேபில் மட்டமான ரகத்தைத் திறந்து காட்டுவதுண்டு, சுவரிலிருந்து வருகிற மின் இரைச்சலை வடிகட்ட வேண்டிய கம்பிச்சுருள் (காயில்) போர்டில் படமாக அச்சடித்திருக்கும், காயில் இருக்காது, அந்த இரண்டு ஓட்டைக்கும் நடுவில் ஒரு துண்டுக் கம்பியைப் பற்ற வைத்திருப்பார்கள். பையன்களுக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

பின்பக்கம் 115/230 என்று சிவப்பு ஸ்விட்ச் உள்ள பழைய எஸ்எம்பிஎஸ் யாராவது சும்மா கொடுத்தால் அது 230-ல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொருகுங்கள். 115-ல் இருந்ததைக் கவனிக்காமல் ஒரு மாணவன் ஸ்விட்ச் போட்டான். டமார் என்று ஒரு சத்தம், லேப் முழுக்கப் புகை, அப்புறம் அந்த நாற்றம் இரண்டு நாள் போகவில்லை.

ஒரு எச்சரிக்கை. புது எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎப்சி என்று ஒரு சர்க்யூட் இருக்கும். விலை குறைந்த யுபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது சைன் அலை தராது, படிக்கட்டு மாதிரி அலைதான் தரும், சில ஜோடிகள் அதில் ஒத்துப்போகாமல் யுபிஎஸ் கத்திவிட்டு நின்றுவிடும். அக்காவுடைய லோடு குறைவு, பெரும்பாலும் பிரச்சினை வராது, ஆனாலும் வாங்கி வந்த அன்றே யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துவிடுங்கள், திருப்பிக் கொடுக்க வசதியாக இருக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் அதை யுபிஎஸ் மோடில் வைத்திருக்கிறோமா என்று பார்க்கவும், சாதாரண மோடில் மாறுகிற நேரம் அதிகம்.

டிடிபி_அக்கா

எல்லாருக்கும் நன்றி. பிரிண்டரைச் சுவருக்கு மாற்றினேன், அன்றிலிருந்து பிரிண்ட் கொடுத்தால் ரீஸ்டார்ட் ஆவது நின்றுவிட்டது. கரண்ட் போனால் மட்டும் ஆகிறது, அண்ணன் சொன்னது அப்படியே சரி. சனிக்கிழமை தம்பி சென்னைக்குப் போகிறான், ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். மாட்டுவது கஷ்டமா? கடைக்காரரைக் கூப்பிட்டால் முந்நூறு கேட்பார்.

பழுதுபார்ப்பவன்

நாலு ஸ்க்ரூ, நாலைந்து கனெக்டர், முந்நூறு ரூபாய் வேலையே இல்லை. கழற்றுவதற்கு முன் செல்போனில் ஐந்தாறு போட்டோ எடுத்துவிடுங்கள். 24 பின், பிராசசர் பக்கத்தில் இருக்கிற 4 பின், இரண்டு டிஸ்க்குக்கும் சாட்டா பவர், அவ்வளவுதான். புதியதில் பிராசசர் கனெக்டர் 4+4 என்று இரண்டாகப் பிரியும், உங்கள் போர்டில் நாலு ஓட்டைதான் இருந்தால் பாதியை மட்டும் மாட்டி மீதியைத் தொங்கவிடுங்கள். 6+2 என்று ஒன்று இருக்கும், பார்க்க அதே மாதிரி இருக்கும், அது கிராபிக்ஸ் கார்டுக்கு. பிராசசர் பக்கம் அதை அழுத்திச் சொருகாதீர்கள். சரியான கனெக்டர் அழுத்தாமலே போகும், கிளிப் 'டக்' என்று விழும்.

750 டிஐ வாங்கும்போது கார்டில் தனிப் பவர் சாக்கெட் இருக்கிறதா என்று பையனைப் பார்க்கச் சொல்லுங்கள். பலவற்றில் இருக்காது, ஸ்லாட் தருகிற 75 வாட்டிலேயே ஓடும், இருந்தால் அந்த 6+2-ல் ஆறை மட்டும் மாட்டுங்கள். டிஸ்க்குக்குச் சாட்டா பவர் பற்றவில்லை என்றால் கடையில் நாற்பது ரூபாய்க்கு ஒரு மோலெக்ஸ்-சாட்டா கேபிள் தருவார்கள். முனையில் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த ரகம் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம், அதை வாங்காதீர்கள்.

டிடிபி_அக்கா

மாட்டிவிட்டேன்! நானேதான். சிவி450, 2,900 ரூபாய். கையில் வாங்கும்போதே தெரிந்தது, பழையதைவிட நல்ல கனம். யுபிஎஸ் பிளக்கைப் பத்துத் தடவை பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தேன், பேஜ்மேக்கர் அசையவில்லை. சந்தோஷத்தில் பையனுக்கு அந்தக் கார்டுக்கும் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒன்று பயமாக இருக்கிறது. கேபினெட்டின் பின்பக்க இரும்பில் கை பட்டால் சுர்ர்ரென்று இருக்கிறது. வெறும் காலோடு நின்றால் நன்றாகவே தெரிகிறது. பழையதில் இப்படி இல்லை. புதுசு பழுதா? திருப்பிக் கொடுத்துவிடவா?

வோல்ட்டேஜ்_வாத்தியார்

பழுது இல்லை அம்மா. நான் சொன்னேனே, காயிலுக்குப் பதில் கம்பி போட்டிருப்பார்கள் என்று? உங்கள் பழையதில் வடிகட்டிப் பாகங்களே இல்லாமல் இருந்திருக்கும், அதனால் சுர் என்று இல்லை. புதியதில் ஒழுங்காக இருக்கின்றன. அவற்றில் இரண்டு சின்ன கண்டென்சர் இரைச்சலை எர்த்துக்குத் தள்ளும். எர்த் இல்லாவிட்டால் அது கேபினெட்டிலேயே நின்றுவிடும், டிஜிட்டல் மீட்டர் வைத்தால் நூறு, நூற்றுப் பத்து வோல்ட் காட்டும். கரண்ட் மிகச் சொற்பம், ஆளைக் கொல்லாது. ஆனால் உங்கள் பிளக்கில் எர்த் வேலை செய்யவில்லை என்று அது சொல்கிறது. நாளைக்கு உண்மையாகவே லீக் ஆனாலும் அந்த எர்த் இருக்காது. யுபிஎஸ் எதில் சொருகியிருக்கிறது?

டிடிபி_அக்கா

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். திருவிழாக் கடையில் வாங்கியது.

உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு அதைக் கழற்றி ஸ்க்ரூவைத் திறந்தேன். மூன்று ஓட்டை இருக்கிறது, ஒயர் இரண்டுதான். மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒரு பித்தளைத் தகடு கூட இல்லை, வெறும் பிளாஸ்டிக்.

இப்போது யுபிஎஸ்ஸை நேராகச் சுவரில் சொருகினேன். சுர் நின்றுவிட்டது.

கோவை_கேமர்

அக்கா, அந்தப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸை எடைக்குப் போடப் போகிறீர்களா? ஃபேன் மட்டும் எனக்கு வேண்டும்.

பழுதுபார்ப்பவன்

திறக்காதே என்று இப்போதுதானே வாத்தியார் சொன்னார்.